‘அவன் அப்பாவும் இப்படித்தான்’: டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4இல் படிக்கிறான். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, பாதிப் பாடத்தை எழுதாமலே விடுகிறான், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு) இருக்கலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். மாமியாரோ, “அவன் அப்பாவும் இப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்” என்கிறார். ஆனால் 39 வயதான என் கணவர் இன்னமும் பணப்பையைத் தேடிக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புகிறார். எங்கே போவது? எடுத்தவுடன் மாத்திரை கொடுத்துவிடுவார்களா? இதே நிலையில் இருப்பவர்களோடு பேச வழி உண்டா? - சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: மாமியார் உங்கள் வாயை அடைக்கச் சொன்ன வாக்கியத்தைத்தான் மருத்துவர் ஆவலோடு குறித்துக்கொள்வார். ஏடிஎச்டி குடும்பத்தில் இறங்கி வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபணுக்களின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பது பாதி உண்மை. பலருக்கு ஓட்டமும் குதியாட்டமும் அடங்கும். மறதியும் எதையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைப்பதும் கூடவே வரும். மீதிப் பாதி உங்கள் வீட்டிலேயே பணப்பையைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

மகனுக்குப் பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். வகுப்பாசிரியர் மூலம் பள்ளி ஆலோசகரைச் சந்தித்துப் பேசுங்கள். தேவையென்றால் பள்ளிகளோடு சேர்ந்து இயங்கும் ‘ரீச்’ என்ற சமூக மனநலக் குழுவிடம் அவர் கொண்டுசெல்வார். இன்னொரு வழி, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மனநலக் கழகத்தின் சிறார் வழிகாட்டு மருந்தகத்துக்குப் போவது. அந்தக் கடிதத்தோடு போகும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். பள்ளி சேரும் வயதுக்கு முந்திய குழந்தைகளைக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உள்ள பிள்ளை வளர்ச்சிப் பிரிவுகள் பார்க்கின்றன. தனியார் மருத்துவரிடம் வரிசை குறைவு, செலவு அதிகம். கையில் வசதி இருந்தால் போகலாம், தவறில்லை. ஆனால் பயத்தில் ஓட வேண்டாம். ஏடிஎச்டி ஒரே இரவில் முற்றிவிடும் நோயல்ல. தனியார் உளவியலாளரை நாடினால், அவர் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதைக் கண்டுபிடிக்காது. கவனக்குறைவின் 9 அறிகுறிகள், மிகையியக்கத்தின் 9 அறிகுறிகள் என இரண்டு பட்டியல்கள் உண்டு. பிள்ளைகளுக்கு ஏதாவதொரு பட்டியலில் 6 அறிகுறிகளாவது இருக்க வேண்டும். 17 வயது முதல் 5 போதும். அவை 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும் என்பது முக்கியம். வகுப்பில் மட்டும் தொல்லை என்றால் கண்பார்வையோ, செவித்திறனோ, எழுத்தறிதலில் சிக்கலோ காரணமாக இருக்கலாம்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது ‘சேட்டை தாங்கவில்லை’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘7.10க்குக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தான். 7.14க்குத் தண்ணீர் குடிக்க எழுந்தான். 7.20க்குப் பென்சிலைக் காணோம், என் மேலேயே கோபம். 7.50க்கு இரண்டு கணக்குதான் முடிந்திருந்தது, இரண்டும் சரி.’ இந்த நான்கு வரி அரை மணி நேரப் பேச்சுக்குச் சமம். தொடக்கநிலை 1 முதல் வந்த மதிப்பெண் அட்டைகளையும் எடுத்துப்போங்கள். ‘கெட்டிக்காரன், ஆனால்…’ என்று ஆசிரியர்கள் வருடா வருடம் எழுதியிருப்பார்கள். அந்த ‘ஆனால்’தான் தேவை.

மாத்திரையைப் பற்றி. எடுத்தவுடன் யாரும் திணிக்க மாட்டார்கள், உங்கள் சம்மதம் வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியும் நடத்தைச் சிகிச்சையுமே முதல் படி. உங்கள் மகன் வயதில், அறிகுறிகள் கடுமையாக இருந்தால் மெத்தில்ஃபெனிடேட் பற்றிப் பேச்சு வரும். ரிட்டலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண வகை ஏறக்குறைய 4 மணி நேரமும் நீடித்து வேலை செய்யும் வகை 12 மணி நேரம் வரையும் உதவும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்ப்பார்கள். நான் பெற்றோரிடம் சொல்வது: நாலு இட்லி உள்ளே போன பிறகு மாத்திரை, மதியம் கொறித்தால் திட்டாதீர்கள், இரவு மருந்தின் வேகம் இறங்கிப் பசிக்கும்போது வயிறாரப் போடுங்கள். ஒத்துவராவிட்டால் அட்டொமொக்செடின் போன்ற வேறு வகை உண்டு, ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

மெத்தில்ஃபெனிடேட் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அண்ணன் மாத்திரையைத் தம்பிக்குத் தேர்வு நேரத்தில் ‘ஒன்று’ கொடுத்துப் பார்ப்பது குற்றம். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போவதென்றால், மருத்துவரின் கடிதத்தோடு மருந்தை அதன் பெட்டியிலேயே எடுத்துச் செல்லுங்கள். இரு நாட்டு விதிகளையும் முன்கூட்டியே பாருங்கள். மாமியார் வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்தால் சாப்பிடட்டும், சோற்றுக்கு நல்ல துணைதான். மருந்துக்குப் பதிலாக அதை வைக்கத்தான் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆதரவுக் குழுவில் சேர மருத்துவச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய ‘அன்லாக்கிங் ஏடிஎச்டி’ என்ற அறநிறுவனம் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் குழுக்கள் நடத்துகிறது. பெற்றோரை மையமாகக் கொண்ட ‘ஸ்பார்க்’ என்ற சங்கமும் உண்டு. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் மனம்விட்டுப் பேச வேண்டுமானால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப ஆலோசகர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏடிஎச்டி அவர்களுடைய தனித்துறையல்ல, ஆனால் மாமியாரையும் உட்காரவைத்துப் பேச அந்த இடம் பொருந்தும். நள்ளிரவில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், தேசிய மனநல உதவி எண் 1771 நாள் முழுவதும் இயங்குகிறது.

பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரி இருப்பார், அவரையும் சந்தியுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ கேட்டு விண்ணப்பிப்பது பள்ளி வழியாகத்தான். தொடக்கநிலை 4 என்பதால் அவகாசம் இருக்கிறது, ஆனால் மருத்துவ அறிக்கைக்குக் காத்திருக்கும் மாதங்களையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கும் பலதுறை மருந்தகக் கடிதம்தான் வாசல். பெரியவர்களைப் பரிசோதிக்கும்போது சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். அதற்குச் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மாமியாரையும் அழைத்துப் போங்கள். சந்திப்பை நினைவூட்டும் குறுஞ்செய்திக்குக் கணவர் எண்ணோடு உங்கள் எண்ணையும் கொடுத்துவையுங்கள்.