ஸ்டைலஸால் எழுதும்போது கோடு விட்டுப் போகிறது, திரையும் தானாக அணைகிறது: டிஸ்பிளேயை மாற்றத்தான் வேண்டுமா?

டேப்லெட்டின் வலது ஓரத்தில் எழுதினால் மட்டும் கோடு உடைகிறது, இடையிடையே திரை அணைந்துவிடுகிறது, கடையில் டிஸ்பிளேயை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன், கவரை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஒரு நாள் வெறும் டேப்லெட்டில் எழுதிப் பாருங்கள். நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாக டேப்லெட்டிலேயே செய்துவருகிறேன். பேனா தொடர்பாக எனக்கு நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை கருவிக்கு உள்ளிருந்து வராமல், அதன்மேல் போட்டிருந்தவற்றாலேயே வந்தன.

கவரை மூடியதும் திரை அணைவதற்குக் காரணம், கவரின் ஓரத்தில் தைத்திருக்கும் சிறு காந்தமும், அதை உணர்வதற்காக டேப்லெட்டுக்குள் வைத்திருக்கும் ஹால் சென்சாரும்தான். மூடியைப் பின்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு எழுதும்போது அதே காந்தம் பின்னாலிருந்து சென்சாரை நெருங்கினால், மூடிவிட்டார்கள் என்றே கருவி எண்ணிக்கொள்கிறது. கவர் திறப்பு, மூடலுக்கேற்பத் திரை இயங்கும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவைக்கச் சில டேப்லெட்டுகள் இடம்தருகின்றன.

கோடு உடைவதற்கும் காந்தம் காரணமாகலாம். ஆனால் அது உங்கள் பேனா எந்த வகை என்பதைப் பொறுத்தது. சாம்சங் எஸ் பென் போன்றவை வாக்கம் நிறுவனத்தின் மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்குகின்றன. திரைக்கு அடியில் இருக்கும் தகடு ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்க, பேனாவில் உள்ள சுருள் அதிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. அதனால்தான் எழுதுவதற்கு அந்தப் பேனாவுக்கு பேட்டரி தேவைப்படுவதில்லை. அதே காரணத்தால், வலுவான காந்தம் அருகில் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு நெளியும், அல்லது விட்டுப் போகும். மலிவான கவர்களில் காந்தத்தை எங்கே வைப்பது என்ற கணக்கே இருப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆப்பிள் பென்சில் வேறு இனம். அதற்குள் பேட்டரி உண்டு. 2015இல் வந்த முதல் பென்சிலை ஐபேடின் லைட்னிங் துளையில் செருக வேண்டியிருந்தது. 2018இல் வந்த இரண்டாவது, ஐபேடின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஆகிறது. அந்தப் பக்கத்தைத் தடித்த விளிம்பால் மறைக்கும் கவரைப் போட்டால் பென்சில் ஒட்டியதுபோல் தோன்றினாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். பல மாதம் சார்ஜ் இன்றிக் கிடக்கும் பென்சிலின் பேட்டரி மீளாமலே போய்விடுவதும் உண்டு.

கவரைக் கழற்றியபின், ஓர் அடிக்கோலை வைத்துத் திரையின் மூலைக்கு மூலை மெதுவாகச் சாய்கோடுகள் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பட்டையில் கோடு அறுந்தால் பழுது உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. கடைக்காரர் சொன்னது சரி. அறும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், தேய்ந்த பேனா முனையை மாற்றிப் பாருங்கள். காகிதம்போல் சொரசொரப்பாக இருக்கும், திரைமேல் ஒட்டும் காப்புத்தாள்கள் எழுதுவதற்குச் சுகமாக இருந்தாலும் முனையை விரைவில் தின்றுவிடுகின்றன. சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாகத் தொட்டதுபோல் துள்ளினால், முதலில் சார்ஜரை மாற்றுங்கள்.

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன்பாகவே ஒன்றைக் கவனித்துவிடுங்கள். டேப்லெட்டை மேசைமேல் படுக்க வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கண்ணாடி ஒரு பக்கம் சட்டத்திலிருந்து எழும்பியிருந்தாலோ, முதுகு புடைத்திருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியானால் எழுதிச் சோதிக்க வேண்டாம், அழுத்தி மூடவும் வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். அணைத்துவிட்டு, பேட்டரி மாற்றத் தெரிந்த இடத்துக்கு நேராக எடுத்துச் செல்லுங்கள். அங்கே டிஸ்பிளே பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.