மனைவிக்குப் பழைய ஒமேகா: செலவா, முதலீடா?

கேள்வி: எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மனைவிக்கு 1960களில் வந்த சிறிய ஒமேகா கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறேன். சாவி கொடுக்கும் வகை, தங்க முலாம் பூசியது. விலை 42,000 ரூபாய். "இது முதலீடு சார், விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்கிறார் விற்பவர். கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணை, 16 சதவீத வட்டி. என் சம்பளம் 58,000. அதில் வீட்டுக்கடன் தவணை 19,000. சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. வாங்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: பரிசு கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 42,000 ரூபாய்க்கு வேண்டாம், கடனிலும் வேண்டாம். உங்களை அந்த விலை வரை இழுத்துச் சென்றது "முதலீடு" என்ற ஒரு சொல்தான். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கை நெருங்கும் தொகைக்குப் பரிசு வாங்கலாமா என்று நீங்களே தயங்குவீர்கள்.

பழைய கடிகாரங்களில் விலை ஏறுபவை உண்டு. அவை பெரும்பாலும் ஆண்களுக்கான, சேகரிப்பாளர்கள் தேடி அலையும் குறிப்பிட்ட சில மாடல்கள். அதே நிறுவனம், அதே காலத்தில் செய்த பெண்களுக்கான சிறிய கடிகாரம் பொதுவாக அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகிறது. விற்கப் போனால் வாங்குபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தங்க முலாமை நம்பியும் பயனில்லை. மைக்ரான் கணக்கில் பூசிய தங்கத்துக்கு எந்த நகைக்கடையும் விலை போடாது. இந்த நிலைமை வாங்குபவருக்கு நல்லதுதான்: அழகான பொருள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் லாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு மட்டும் உதவாது.

இனி தவணை. 42,000 ரூபாய்க்கு 16 சதவீதத்தில் மாதம் ஏறக்குறைய 3,811 ரூபாய் வரும். வட்டி சுமார் 3,730, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 670. பரிசீலனைக் கட்டணம் தனி. ஒரு மாதம் பில் கட்டத் தவறினால் நிலுவைக்கு ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி போடும் அட்டைகள் பல.

இந்தத் தவணையைக் கடிகாரம் வாங்குவதற்கு முன்பே கட்டிவிடுங்கள் என்கிறேன். அதாவது, வங்கியில் மாதம் 3,800 ரூபாய்க்கு ஆறு மாத ஆர்.டி. தொடங்குங்கள். திருமண நாளுக்கு முன் 22,800 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். கடிகாரத்துக்கு 20,000தான் உச்சவரம்பு. மீதி சர்வீஸுக்கும் புதிய தோல் பட்டைக்கும்.

பல பத்தாண்டு பழைய இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் இடாமல் அணியக் கூடாது. நாணயம் அளவே உள்ள கூட்டுக்குள் வேலை செய்யப் பொறுமையும் பழக்கமும் உள்ள மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனவே முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள், பிறகு கடிகாரத்தை. பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். திறந்ததும் சாவித் தண்டின் அருகே துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும். பட்டை மாட்டும் காதுகளின் முனையில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். அறுபது வயதான டயல் நேற்று அச்சடித்ததுபோல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பழைய டயலுக்கு மறுபடி வண்ணம் பூசி, பல கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாக்கி விற்பது நம் நாட்டில் பெரிய வியாபாரம். முழுச் சாவி கொடுத்து, மறுநாள் அதே நேரத்தில் எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஒமேகாதான் வேண்டும் என்பதில்லை என்றால் எச்.எம்.டி.யின் "சுஜாதா" போன்ற பெண்கள் கடிகாரங்களைப் பாருங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. அவர்களுடைய இயந்திரங்களைப் பிரித்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதி மிச்சமாகும். என் விருப்பம் இதுதான், ஆனால் பரிசு உங்களுடையது.

வெளிநாட்டு இணையதளத்தில் மலிவாகத் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். பரிசு என்று எழுதி அனுப்பினாலும் சுங்க வரி உண்டு. பழைய விலக்கை 2019 டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். மனைவிக்குக் கொடுக்கும் பரிசுக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மனைவிக்குக் கொடுத்த சொத்தின் வருமானத்தை உங்கள் கணக்கில் சேர்க்கும் விதி இருக்கிறது, ஆனால் கடிகாரம் என்ன வாடகையா தரப்போகிறது?

இன்னொன்று: சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும், தண்ணீர் படக் கூடாது. அவருக்கு அது ஒத்துவருமா என்று வேறு பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

அந்த 60,000 ரூபாயைத் தொடாதீர்கள். வீட்டுக்கடன் தவணையைச் சேர்த்தால் உங்கள் வீட்டுக்கு அது ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் தாங்கும். ஆர்.டி. முடிந்ததும் அதே 3,800 ரூபாய்க்கு மறுபடி ஒன்று தொடங்கி, மூன்று மாதச் செலவுத் தொகை சேரும்வரை நிறுத்தாமல் கட்டுங்கள்.