மாடி வீட்டுக்கு எந்த ஓவர்லாக்?

கேள்வி: அக்கா, கரூரில் மாடியில் வாடகை வீடு. ஆறு வருடமாகத் தெருவில் இருப்பவர்களுக்கு ஜாக்கெட், சுடிதார், நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். மோட்டார் மாட்டிய பழைய மிதி மிஷின்தான். வெட்டின ஓரம் பிசிறாமல் இருக்க ஓவர்லாக் அடிக்க மட்டும் ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது, பண்டிகை நேரத்தில் இரண்டு நாள் இழுத்தடிக்கிறார்கள். சொந்தமாக வாங்க 25 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். திருப்பூரில் கம்பெனியில் ஓடிய செகண்ட் ஹேண்ட் மிஷின் சல்லிசாகக் கிடைக்கிறது, அதை எடு என்கிறார் வீட்டுக்காரர். டல்லாஸில் இருக்கும் நாத்தனார் ஊருக்கு வரும்போது நல்ல செர்ஜர் ஒன்று கொண்டு வருகிறேன் என்கிறார். கடைக்காரர் சின்ன இரும்பு மிஷினே போதும் என்கிறார். குழந்தைகளுக்கு பனியன் துணியில் டி-ஷர்ட், லெகிங்ஸ் தைக்கவும் ஆசை. எதை வாங்க?

பதில்: முதலில் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். செர்ஜர் என்பது ஓவர்லாக்குக்கு அமெரிக்காவில் சொல்லும் பெயர், வேறு மிஷின் கிடையாது. ஆனால் அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் வீட்டில் 230. அங்கே விற்கிற மிஷினை அப்படியே நம் பிளக்கில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். கூடவே வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று காலடியில் கிடக்க வேண்டும். நாளைக்குக் கால் மிதி பழுதானால் அதே மாதிரி இங்கே தேட முடியாது. அன்பாகச் சொல்கிறார், அன்பாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பெனி மிஷின் சீக்கிரம் சாகாது, திரைச்சீலையும் பெட்ஷீட்டும் தைக்கிற உங்கள் ஊரில் அதற்கு மெக்கானிக்கும் ஊசியும் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. ஆனால் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் ஓடுவதற்கென்று செய்த மிஷின் அது. வீட்டு ஓவர்லாக் 1,300, 1,500 என்ற அளவில்தான் ஓடும், அதுவே முதல் வாரம் பயமாக இருக்கும். பழைய மிஷின் என்றால் பெரும்பாலும் கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஊம் என்று ஓடிக்கொண்டே இருக்கும், இரவு பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். பெரிய டேபிள், மிஷினுக்குள் தேங்கி நிற்கிற ஆயில், வீடு மாறும்போதெல்லாம் அதை வடித்துவிட்டு நான்கு பேர் படியில் இறக்குகிற பாடு. சொந்த வீடு, கீழ்த்தளம், தினமும் இருபது நைட்டி என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன், மிதித்தால் மட்டும் ஓடுகிற சர்வோ மோட்டார் மாற்றிக்கொண்டு. இப்போது வேண்டாம்.

கடைக்காரரின் சின்ன இரும்பு மிஷின் இருக்கிறதே, ஒரு ஊசி, மூன்று நூல், உங்கள் பழைய ஸ்டாண்டு மாதிரி ஒன்றிலேயே பொருத்தி ஓட்டலாம். நேர்மையான மிஷின். ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சத்தம் உண்டு, ஆனால் காட்டன் ஜாக்கெட், சுடிதார், நைட்டி ஓரத்தைப் பிசிறில்லாமல் முடிக்க அது தாராளம். நீங்கள் கடிதத்தை அங்கேயே நிறுத்தியிருந்தால் நானும் பதிலை இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பனியன் துணி என்று கடைசியில் ஒரு வரி எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் கணக்கை மாற்றுகிறது. அந்தத் துணி, அதை நகர்த்துகிற பல்லின் மேல் போகும்போதே இழுபட்டு, தைத்து முடித்தால் ஓரம் அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கும். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் ஃபீட் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு பல். முன் பல் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் துணி இழுபடாமல் உள்வாங்கித் தையல் தட்டையாக விழும். பெரும்பாலும் 0.7-இலிருந்து 2 வரை திருகிக்கொள்ளலாம், சாதாரணத் துணிக்கு 1, பனியனுக்கு ஒன்றரையில் ஆரம்பித்துப் பாருங்கள். சின்ன இரும்பு மிஷின்களில் பொதுவாக இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. கூடவே இரண்டு ஊசி, நான்கு நூல் இருந்தால் டி-ஷர்ட்டின் பக்கத் தையலை வேறு தையல் இல்லாமல் அதிலேயே முடித்துவிடலாம், தலை வழியாக இழுத்துப் போட்டாலும் அறாது.

அதனால் என் ஓட்டு நான்கு நூல், டிஃபரன்ஷியல் ஃபீட் உள்ள வீட்டு ஓவர்லாக்குக்கு, இங்கேயே வாங்கியது. ஜூகி, பிரதர், சிங்கர் எல்லாவற்றிலும் இருக்கிறது, பெயரைவிட உங்கள் ஊரில் யார் சர்வீஸ் செய்வார் என்பதைப் பாருங்கள். பணம் பற்றவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் கடைக்கே ஓடுங்கள், பரவாயில்லை, பாதி மனதோடு வேறொன்றை வாங்கிவிடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணியை எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் மொடமொட காட்டன் துண்டில் எல்லா மிஷினும் அழகாகத்தான் அடிக்கும். ஒரு பனியன் துண்டு, ஒரு ஷிஃபான் துண்டு, லைனிங்கோடு நான்கு மடிப்பு வருகிற ஜாக்கெட் துண்டு, மூன்றும் வேண்டும். அப்புறம் நூலை முழுக்க உருவிவிட்டு, அவர் பக்கத்தில் நிற்கும்போதே நீங்கள் ஒருமுறை கோர்த்துப் பாருங்கள். மாடல் எதுவாக இருந்தாலும் வீட்டு மிஷின் ஊசியே பொருந்துமா, தனி ஊசியா என்று கேளுங்கள். தனி ஊசி என்றால் அங்கேயே இரண்டு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

நூல் கோர்ப்பதுதான் பூதம் என்பார்கள். வரிசை தெரிந்தால் ஒன்றுமில்லை: துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் லூப்பர் (ஓரத்தில் நூலைப் பின்னுகிற கொக்கி), கீழ் லூப்பர், ஊசிகள் கடைசியில். ஊசியை முதலில் கோர்த்தால் கீழ் நூல் அறுந்துகொண்டே இருக்கும், நூல் இறுக்கம், அதாவது டென்ஷன், சரியில்லை என்று நீங்கள் திருகிக்கொண்டே இருப்பீர்கள். பின்னால் இருக்கும் நூல் கம்பியையும் முழு உயரத்துக்கு இழுத்துவிட வேண்டும், பலர் அதைப் பாதியில் விட்டுவிட்டு மிஷினைத் திட்டுகிறார்கள். நிறம் மாற்றக் கோனுக்குப் பக்கத்தில் நூலை வெட்டி, புது நூலை முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும், ஊசிக் காதுக்கு முன்னால் மட்டும் முடிச்சை வெட்டிக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த பணத்தில் ஆயிரம் ரூபாயை நூலுக்கு ஒதுக்குங்கள். சாதாரணத் தையல் ஒரு மீட்டருக்குச் சுமார் 2.5 மீட்டர் நூல் தின்னும், மூன்று நூல் ஓவர்லாக் சுமார் 14 மீட்டர். ஒரு நைட்டிக்குள் ஆறு மீட்டர் ஓவர்லாக் ஓடினால் 84 மீட்டர் போச்சு. சின்ன நூல்கண்டு கட்டுப்படியாகாது, கோன்தான். எல்லா நிறத்திலும் நான்கு கோன் வேண்டாம், வெள்ளை, கறுப்பு, ஒரு மங்கலான சாம்பல் இருந்தால் முக்கால்வாசித் துணிக்கு ஒத்துப்போகும்.

பீகோவும் இதிலேயே அடிக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். ஷால் ஓரத்துக்கு மெல்லியதாகச் சுருட்டி அடிக்கிற ரோல் ஹெம் அழகாக வரும், ஆனால் சேலை கொண்டு வருபவர்கள் கேட்கிற பீகோ அது இல்லை. காஜா, ஜிப் எதுவும் இதில் நடக்காது, பழைய மிஷினை விற்றுவிடாதீர்கள்.

கத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டுகிற மிஷின் இது, பிரித்துத் திருத்த வழியில்லை. நான் வாங்கிய இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு அக்காவின் பட்டு ஜாக்கெட்டில் கைப்பகுதி அடியில் மடங்கிக் கிடந்ததைக் கவனிக்காமல் ஓட்டி, அரை அங்குலம் சுத்தமாக நறுக்கிவிட்டேன், வெட்டின இடத்தில் தையல் வேறு நேர்த்தியாக விழுந்திருந்தது. கையில் ஒரு பார்டர் வைத்துச் சமாளித்தோம். ஜாக்கெட்டில் பிற்பாடு பிரித்து விடுவதற்கென்று உள்ளே விடும் துணியையும் கத்தி தின்றுவிடும், அங்கே ஓரத்தின் நுனியை மட்டும் உரசிக்கொண்டு போக வேண்டும். குண்டூசி குத்திய துணியை உள்ளே விடவே கூடாது, குண்டூசியில் பட்டால் கத்தி போச்சு. அதற்குப் பதில் துணி கவ்வுகிற சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. நாத்தனார் ஏதாவது கொண்டு வந்தே தீருவேன் என்றால் அதில் ஒரு டப்பா கேளுங்கள், வோல்ட் பார்க்க வேண்டிய வேலையில்லை.