பேய்க்கதை பிடிக்காதவர்களும் படிக்கக்கூடிய, சூழலே மிரட்டும் கோதிக் நாவல் (பழைய மாளிகை, மர்மம், அச்சம் கலந்த வகை) ஒன்றைச் சொல்ல முடியுமா?

டாஃப்னி டு மோரியர் எழுதி 1938-இல் வெளிவந்த 'ரெபெக்கா'. கோதிக் பக்கமே போகாதவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோவில் ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு இருக்கும் இளம்பெண், தன்னைவிட இரு மடங்கு வயதான மாக்ஸிம் டி விண்டரை மணந்து, கடலோரத்தில் இருக்கும் அவருடைய மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். முதல் மனைவி ரெபெக்கா கடலில் இறந்துபோனவள். ஆனாலும் வீடு இன்னும் அவள் சொன்னபடிதான் நடக்கிறது.

இதில் பேய் கிடையாது. பயமெல்லாம் பொருள்களிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் வருகிறது. எடுத்துப் போட்டுக்கொண்ட மழைக்கோட்டின் பைக்குள் 'ஆர்' எழுத்து தைத்த கைக்குட்டை. மேசை நிறைய ரெபெக்காவின் கையெழுத்து. வீட்டுத் தொலைபேசியில் "மிஸஸ் டி விண்டரா?" என்று கேட்கிறார்கள்; "அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது" என்கிறாள் இந்தப் பெண். தானே இப்போது மிஸஸ் டி விண்டர் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைக்கிறது. கதையைச் சொல்பவளின் பெயர் கடைசிவரை வராது. இறந்தவளின் பெயரோ அட்டையிலேயே இருக்கிறது. என் கணிப்பில் நாவலின் முழு பலமும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

மொத்தம் 27 அத்தியாயங்கள். பலர் கைவிடுவது தொடக்கத்தில்தான், ஏனென்றால் மாளிகைக்குள் நுழைவதே ஏழாம் அத்தியாயத்தில். அதுவரை பொறுங்கள். கதை சொல்பவளின் கூச்சமும் தாழ்வு மனப்பான்மையும் அந்தப் பக்கங்களில் ஊறினால்தான், வீட்டைக் கவனிக்கும் டான்வர்ஸ் அம்மாள் பேசும் ஒவ்வொரு சொல்லும் பிறகு குத்தும். "இவள் ஏன் எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிறாள்" என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சல் ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தது. மாறுவேட விருந்துக்குப் பிறகு வேகம் கூடிவிடும், அந்தப் பகுதியை ஒரே மூச்சில் படிப்பது நல்லது. முடித்ததும் முதல் இரண்டு அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். கால வரிசையில் அவைதான் கடைசி.

முன்னுரை இருந்தால் முடிவில் படியுங்கள், பெரும்பாலும் ரகசியத்தைச் சொல்லிவிடும். இந்த நாவலை வைத்து இயக்குநர் ஹிட்ச்காக் எடுத்த 1940 படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதுதான், ஆனால் அந்தக் காலத் தணிக்கை விதிக்காக முக்கியமான ஒரு சம்பவத்தை மாற்றியிருக்கிறார்கள். அதையும் நாவலுக்கு அப்புறம் பாருங்கள்.

அமானுஷ்யம் இருந்தே தீர வேண்டும் என்றால் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). அதன் முதல் நான்கு அத்தியாயங்கள், டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் வழியிலும் கோட்டையிலும் எழுதப்படும் நாட்குறிப்பு, இன்றைக்கும் இரவில் தனியாகப் படிக்கத் தயங்க வைப்பவை.