ஸ்குவாஷ் ராக்கெட்: எடையும் பேலன்ஸும் - கேள்வி பதில்

கேள்வி: டெக்னிஃபைபர் கார்போஃப்ளெக்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். 125, 130, 135 என்று மூன்று இருக்கின்றன. பத்து கிராம் வித்தியாசம் கைக்குத் தெரியுமா சார்?

பதில்: நன்றாகவே தெரியும். ஆனால் அந்த எண் வெறும் ஃப்ரேமின் எடை. ஸ்ட்ரிங், க்ரிப், மேல் விளிம்பில் வரும் பம்பர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 25, 30 கிராம் கூடும். ஹெட் ஸ்பீட் 120, காரகல் எஸ்என் 90 போன்றவற்றிலும் பெயரில் இருப்பது ஃப்ரேம் எடைதான். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆட்டத்தில் பேசும்.

கேள்வி: அதை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: ராக்கெட்டைச் சுட்டுவிரல் மேல் படுக்க வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம்வரை டெய்லர் டேப்பால் அளந்து பாருங்கள். அந்த அளவுதான் பேலன்ஸ். முழு நீள ராக்கெட் 686 மி.மீ.; பாதி 343. அளவு 355, 360 என்று வந்தால் தலைப்பக்கம் கனம். 335-க்குக் கீழே வந்தால் கைப்பிடிப் பக்கம் கனம். கடையிலேயே இதைச் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நண்பரின் ஹாரோ வேப்பர் 140 கிராம் என்கிறார். என் 125-ஐவிட அது லேசாக இருக்கிறதே?

பதில்: வேப்பரில் எடை கைப்பிடிப் பக்கம். அதனால் வாலி (தரையில் படும் முன்பே பந்தை அடிப்பது) அடிக்கும்போது தலை சட்டென்று திரும்பும். உங்கள் கை சரியாகத்தான் சொல்கிறது.

கேள்வி: பழைய க்ரிப் மேலேயே இன்னொரு க்ரிப் சுற்றினேன். ராக்கெட்டே மாறிப்போன மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராக்கெட் 160 கிராம், பேலன்ஸ் 350 மி.மீ. என்று வையுங்கள். பத்து கிராம் க்ரிப் சேர்த்தால் அதன் நடுப்புள்ளி அடியிலிருந்து சுமார் 100 மி.மீ.யில் இருக்கும். மொத்தம் 170 கிராம், பேலன்ஸ் 335-க்கு இறங்கிவிடும். 15 மி.மீ. என்பது பெரிய மாற்றம். தலை லேசாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தலையிலிருந்து ஒரு கிராம்கூடப் போகவில்லை, வீசுவதற்கு ஆகும் பலமும் ஏறக்குறைய அதேதான்.

இதற்கு நேர்மாறு ஒன்று. புது க்ரிப் சேர்க்காத அதே ராக்கெட்டில், தலையின் உச்சியில் 2 கிராம் லெட் டேப் (ஈய நாடா) ஒட்டுங்கள். பேலன்ஸ் 354-க்குத்தான் போகும், வெறும் 4 மி.மீ. ஆனால் வீசும்போது அந்த 2 கிராம், க்ரிப்பின் பத்து கிராமைவிட அதிகமாக உறைக்கும், கையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருப்பதால். ஆகவே பேலன்ஸ் எண்ணையும் கண்மூடி நம்ப வேண்டாம். நாலு வீச்சு வீசிப் பாருங்கள்.

கேள்வி: பல வருஷம் ஷட்டில் ஆடியவன். பழக்கத்துக்கு ஏற்ப மிக லேசான ராக்கெட்டே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். ஷட்டில் சுமார் 5 கிராம், ஸ்குவாஷ் பந்து 24 கிராம். 90, 100 கிராம் ஃப்ரேமில் நடுவில் படாத பந்து கையிலேயே ராக்கெட்டைத் திருப்பிவிடும். பின்சுவர் மூலையிலிருந்து எடுக்கும்போது பந்து பாதி வழியில் செத்துவிடும். அப்புறம் மணிக்கட்டை முறுக்கி ஈடுகட்டப் பார்ப்பீர்கள், அங்கேதான் வலி ஆரம்பிக்கும். 130 கிராம் வாக்கில், பேலன்ஸ் நடுவாக உள்ளதை எடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையில் பயிற்சிக்குப் போகிறாள். என்ன வாங்க?

பதில்: முழு நீள ராக்கெட்டே வாங்குங்கள். 120 கிராம் வாக்கில், தலைப்பக்கம் கனம் இல்லாததாக. விலை உயர்ந்தது இப்போது தேவையில்லை. சுவரில் இடித்து ஒன்றிரண்டு உடையும். கைப்பிடி தடிமனாக இருந்தால் கோச்சிடம் காட்டி மெல்லிய க்ரிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் பேலன்ஸை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.