வைக்கோல் கட்டுல வீடு கட்டலாமா? கேட்டவங்களுக்குப் பதில்

மண்ணு, சுண்ணாம்பு, வைக்கோல்னு பத்து வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், கேளுங்க.

கேள்வி (திருவாரூர்): அண்ணே, அறுப்பு முடிஞ்சதும் மெஷின் கட்டிப் போடுற வைக்கோல் உருளைய அப்படியே அடுக்கி செவுரு எழுப்பலாமா?

உருளை வேணாம் தம்பி, செங்கல் மாதிரி நீளசதுரமா இறுக்கிக் கட்டுனது வேணும். தூண் நிறுத்தி கூரைய முதல்ல போட்டுட்டு தூணுக்கு நடுவுல வைக்கோல் கட்டுகள அடுக்குங்க, பாரத்த தூண் தாங்கட்டும். குறுவை வைக்கோல் மழையில மாட்டும், தை, மாசில கிடைக்கிற சம்பா வைக்கோல்தான் தோது. வாங்கும்போது கட்டுக்குள்ள கைய முழங்கை வரைக்கும் விட்டுப் பாருங்க, சூடா இருந்தாலோ புளிச்ச வாடை வந்தாலோ எடுக்காதீங்க. ஈரம் 20 சதவீதம் தாண்டுனா பூஞ்சணம் பிடிச்சுடும், 15க்குள்ள இருந்தா நிம்மதி.

கேள்வி (கடலூர்): எங்க ஊரு மழைக்கு நிக்குமாங்க?

இதுதான் சரியான கேள்வி. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பக்கம் மரம் கிடையாது, அதான் 1800கள் கடைசில வைக்கோல் கட்டு மெஷின் வந்ததும் அதவச்சே வீடு கட்டிக்கிட்டாங்க, ஆனா அது வறண்ட ஊரு. மழையும் புழுக்கமுமா இருக்குற அலபாமாவுல ஹண்ட்ஸ்வில்ல 1938ல கட்டுன வீடும் நிக்குது, இப்ப மியூசியம். கூரைத் தாழ்வாரம் மூணடியாவது வெளிய நீட்டணும், கடைக்கால் தரையிலேர்ந்து ரெண்டடியாவது ஒசரணும். நான் ஒரு வீட்டுல கடைக்கால ஒரு அடியோட விட்டுட்டேன், முத்தத்துல விழுந்த மழைத்தண்ணி தெறிச்சு தெறிச்சு மேக்குச் செவுத்து அடிக்கட்டு மூணு வரிசையும் கருத்துப்போயி பிரிச்சு மாத்த வேண்டியதாயிடுச்சு, அந்த வீட்டம்மா மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. செவுத்துக்கு சிமெண்ட் பூச்சே பூசாதீங்க, உள்ள போன ஈரம் வெளிய வராது. மண்ணு, இல்லன்னா சுண்ணாம்பு பூசுங்க.

கேள்வி (மதுரை): தீப்பிடிச்சா?

உதிரி வைக்கோல் பத்தும், அதனால வேலை நடக்குறப்ப தினமும் கூளத்தக் கூட்டி அள்ளிடணும், பீடி சிகரெட் கிட்டயே வரக்கூடாது. இறுக்கிக் கட்டி ரெண்டு பக்கமும் பூசிட்டா உள்ள காத்துக்கு வழியில்ல, மெதுவாத்தான் கருகும். மண்பூச்சு செவுரு ஒரு மணி நேரம் தாங்குனதா டெஸ்ட் பண்ணியே காட்டியிருக்காங்க.

கேள்வி (நாமக்கல்): எலி, கரையான்?

நெல்லுமணி ஒட்டியிருந்தா எலி வரும், நல்லா உதறுன வைக்கோலா வாங்குங்க, பூச்சுல சந்து விடாதீங்க. நெல்லு வைக்கோல்ல சிலிக்கா ஜாஸ்தி, சீக்கிரம் மக்காது. ஆனாலும் கரையானுக்குக் கடைக்கால்லயே தடுப்பு வச்சுடுங்க.

கேள்வி (பொள்ளாச்சி): அண்ணா, எங்ககிட்ட தேங்கா நார்தான் இருக்கு, உதவுமா?

தாராளமா, செவுத்து மண்பூச்சுக்கு உதவும். தேங்கா நார் ஈரத்துல சீக்கிரம் இத்துப்போகாது. ஒரு இஞ்சு நீளத்துக்கு வெட்டி உதுத்து உதுத்து மண்சாந்துல போட்டு மிதிங்க, மொத்தமாக் கொட்டுனா பந்து பந்தா உருண்டுக்கும். முதல்ல சோதனைக்கு ரெண்டடிக்கு ரெண்டடி பூசி ஒரு வாரம் காய விடுங்க. வெடிப்பு விட்டா மணலோ நாரோ கொஞ்சம் சேத்து மறுபடி பூசிப் பாருங்க.