சட்டம் முதலாண்டு மாணவி கேட்டது: தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு அறிவுசார் சொத்துரிமையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

உங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலேயே தொடங்கலாம், தங்கச்சி. சந்தையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வாங்கி மேசையில் வையுங்கள். அதன் பெயரும் சின்னமும் மலேசியாவின் 2019 வணிகச் சின்னச் சட்டத்துக்குள் வரும்; பதிந்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். உறையில் உள்ள ஓவியம் 1987 பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும். அதற்குப் பதிவே தேவையில்லை. வரைந்தவர் காலமான பிறகும் 50 ஆண்டு உரிமை நிற்கும்.

சரி, அந்த முறுக்குப் பக்குவம்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பதிப்புரிமை வெளிப்பாட்டைக் காக்கும், எண்ணத்தையும் செய்முறையையும் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 7(2A) அதைத் தெளிவாகச் சொல்கிறது. முறுக்குச் சுட்ட பாட்டி பக்குவத்தை ரகசியமாக வைத்திருந்தால், நம்பிக்கை மீறல் (நம்பிச் சொன்ன ரகசியத்தை மீறிப் பயன்படுத்துவது) என்ற பொதுச் சட்டக் கோட்பாடு, அதாவது தீர்ப்புகள் வழி வளர்ந்த கோட்பாடு, துணைக்கு வரும். மலேசியாவில் வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1983 காப்புரிமைச் சட்டத்தைப் படியுங்கள். அதில் கண்டுபிடிப்புக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பாடநூலுக்கு முன் சட்டப் பிரிவையே நேராக வாசியுங்கள். பிறகு ஒரு தீர்ப்பை எடுத்து, யார் எதை இழந்தார் என்று வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ, அந்தப் பிரிவைத் திரும்பப் படியுங்கள்.